உப்புப் பார்த்த குற்றம்

திருச்செந்தூர் முருகன்மேல் சத்தியம். அது போதாது என்பவர்களுக்குத் தூத்துக்குடிப் பனிமய மாதாமேலும் சத்தியம். இனி வருவதில் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொன்னது இல்லை. கூட்டிச் சொல்ல அவசியமும் இல்லை. நடந்ததே தேவைக்கு மேல் நடந்திருக்கிறது.

பிரம்மசக்தியின் வீட்டுக்காரர் உச்சிமாகாளிக்குக் கண் போனது நாற்பத்து நான்காவது வயதில். உப்பளத்தில் வெயில் இரண்டு தடவை கண்ணில் விழும். வானத்திலிருந்து ஒரு தடவை, உப்பிலிருந்து ஒரு தடவை. இருபத்தைந்து வருடம் பலகை பிடித்து உப்பு வாரியவருக்கு முதலில் எல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது. பிறகு எல்லாம் கறுப்பாகத் தெரிந்தது. பிறகு தெரிவது என்கிற சோலியே இல்லாமல் போனது. பதினோரு வருடம் அப்படியே கிடந்தார். அதற்கப்புறம்தான் அரசுக் கண் வந்தது.

கோலிக்குண்டு அளவில் இரண்டு. நலத்துறை இலவசமாகப் பொருத்திவிட்டது. இலவசம் என்றால், கண் துறையுடையது, பார்வை மட்டும் அவருடையது. அந்தப் பார்வையும் சென்னையில் ஏதோ ஒரு கட்டடத்திலிருந்து நிமிடத்துக்கு நிமிடம் வந்துகொண்டிருந்தது. பொருத்திய மறுநாள் கடற்கரையில் நின்றபடி அடிவானத்தில் போகிற கப்பலின் பெயரைப் படித்தார். மூன்றாம் நாள், அதே மாதிரி ஒரு கப்பலின் தளத்தில் நின்று பல் துலக்குகிறவனுக்கு முன்பல் ஆடுகிறது என்றார். போய்ப் பார்த்தவர் யாரும் இல்லை என்பதால் மறுத்தவரும் யாரும் இல்லை.

ஆனால் கட்டு அவிழ்த்ததும் அவர் முதலில் பார்த்தது பெண்டாட்டியைத்தான்.

"என்னட்டி, இப்படி வத்திப்போயி கெடக்க?"

"பதினோரு வருசம் ஒங்க பங்கு வெயிலையும் சேத்து நாந்தான குடிச்சேன்?" என்றாள் பிரம்மசக்தி.

அவருக்கு அழுகை வந்தது. அரசுக் கண்ணில் அழுகைக்கு வசதி கிடையாது. மூக்கு மட்டும் ஒழுகியது.

பிரம்மசக்தியும் அளத்துக்காரிதான். அவளுக்குக் கண் தப்பித்ததற்குக் காரணம், அவள் தலையில் பெட்டி சுமந்து குனிந்தே நடந்தவள். அவளுடைய சிறப்பெல்லாம் நாக்கில் இருந்தது. ஒரு கல் உப்பை வாயில் போட்டால் எந்த அளம், எந்தப் பாத்தி, வாரியவன் காலில் புண் இருந்ததா இல்லையா என்றுவரை சொல்லுவாள். அழுகிற பிள்ளையின் கண்ணீரை விரலால் தொட்டு நக்கி, "இது பசியில்ல, பிடிவாதம்" என்று தாய்க்காரியிடம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறாள். ஒரு தீர்ப்பும் பொய்த்ததில்லை.

இந்தச் சேதி கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை மேலாளர் காதுக்குப் போனது. ஆலையில் உப்புப் பார்க்க வைத்திருந்த கருவிகளில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை கடல்பாசி படிந்து, அவை நல்ல தண்ணீர் என்றே பெரும்பாலும் பொய் சொல்லிக்கொண்டிருந்தன. மேலாளர் பத்துத் தம்ளரை வரிசையாக வைத்தார். அவள் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சொட்டு நாக்கில் விட்டுக்கொண்டு உப்பின் அளவைச் சொன்னாள். ஒன்பதாவதில் மட்டும் கொஞ்சம் யோசித்து, "தண்ணி நல்லதுதான். தம்ளரைக் கழுவுனவரு காலையில கருவாடு தின்னுருக்காரு" என்றாள். கழுவியது மேலாளரேதான்.

வேலை கிடைத்துவிட்டது. மாதச் சம்பளம், வார விடுமுறை, நிழல். ஐம்பத்திரண்டு வயதில் முதன்முதலாக நிழலில் ஒரு வேலை. ஒரு திங்கட்கிழமை காலை பதினொன்று பத்துக்கு நியமன ஆணையில் பெருவிரலை அழுத்தினாள்.

அதே பதினொன்று பத்துக்கு, ஏழு கிலோமீட்டர் தள்ளி, முள்ளக்காட்டுப் பக்கம் வீட்டில் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்த உச்சிமாகாளியின் கையில் தக்காளி சாம்பல் நிறமானது. அழுகல் என்று எறிந்தார். அடுத்ததும் சாம்பல். அதையும் எறிந்தார். ஒரு கிலோவையும் எறிந்து முடித்த பிறகுதான் வாசல் செம்பருத்தியைப் பார்த்தார். அதுவும் சாம்பலாகப் பூத்திருந்தது.

சாயங்காலம் பிரம்மசக்தி சந்தோஷத்தில் மக்ரூன் வாங்கிக்கொண்டு வந்தாள். அவர் ஒன்றை எடுத்துக் கடித்தார். மணி ஆறு அடித்தது. பாதி மக்ரூனோடு உலகம் அணைந்துபோனது.

"ஏட்டி, கரண்டு போயிட்டா?"

விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. பிரம்மசக்தி அவர் முகத்துக்கு நேரே கையை ஆட்டிப் பார்த்தாள். பதினோரு வருடமாகப் பார்த்துப் பழகிய அதே முகம் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது.

மறுநாள் காலையில் இருவரும் நலத்துறை அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே இருந்தது ஜெபமணி என்கிற இளவயது அதிகாரி. நல்ல பெண். கெட்ட சட்டத்தை நல்லவர்களிடம் கொடுத்தால்தான் அது ஒழுங்காக நடக்கும் என்பது துறைக்குத் தெரியும்.

"கண்ணு ரிப்பேர் இல்லக்கா. கண்ணு நல்லாத்தான் இருக்கு. ஒங்க வேலைதான் மாறியிருக்கு."

"எனக்கு வேலை மாறுனா அவிய தக்காளி ஏம்மா நெறம் மாறணும்?"

"ஒரு அடுப்பு, ஒரு குடும்பம். அடுப்புல ஒருத்தர் வருமானம் நிமிந்தா அடுத்தவரு சலுகை குனிஞ்சிரும். இப்ப நெறமும் ஆறு மணிக்கு மேல பார்வையும் போயிருக்கு. மூணு மாசத்துல ஒங்க வேலை நெரந்தரமாயிரும்லா? அன்னைக்கு முழுசா மூடிரும்."

"மூடாம இருக்க?"

"வாடகை கட்டலாம். ஒங்க சம்பளத்த அப்படியே கட்டுனா ஒரு கண்ணு தெரியும்."

"அப்ப வேலைய விட்டுருதேன்" என்றாள் பிரம்மசக்தி.

"தானா விட்ட வேலைன்னு பதிவாகும். ஆறு மாசத்துக்கு ரெண்டு பேருக்கும் எல்லாச் சலுகையும் நிறுத்தம். கண்ணும் அதுல அடக்கம்."

"ஆறு மாசந்தான? பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துருவோம்."

"மூடுன கண்ணு நூறு நாளைக்கு மேல தாங்காதுக்கா. நரம்பு பாக்குறத மறந்துரும். அப்புறம் நானே வந்து கும்பிட்டாலும் தொறக்காது."

அதுவரை சும்மா இருந்த உச்சிமாகாளி தொண்டையைச் செருமினார். "ஏம்மா, நீ என்னையப் பத்திப் பேசுதியா, பிரிஜ்ஜப் பத்திப் பேசுதியா?"

ஜெபமணி சிரிக்கவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தாள். "ஒரு வழி இருக்கு. அடுப்பப் பிரிச்சிருங்க."

ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு. தொண்ணூறு நாள் ஒருவர் சமைத்ததை மற்றவர் தின்னக் கூடாது. தின்னாமல் இருந்து காட்டினால் இரண்டு குடும்பம் என்று பதிவாகிவிடும். அவள் சம்பளம் அவர் கண்ணைத் தொடாது. சரிபார்க்க நிலைப்படிக்கு மேலே மோப்பப்பெட்டி ஒன்றை மாட்டுவார்கள். யார் அடுப்பில் என்ன கொதித்தது, யார் மூச்சில் என்ன மணக்கிறது என்று அது கணக்குப் பார்க்கும். வாய் கொப்பளித்தெல்லாம் அதை ஏமாற்ற முடியாது.

"புருசன் பொண்டாட்டியா இருந்துக்கிடலாமா?" என்று கேட்டார் உச்சிமாகாளி.

"துறைக்கு அதுல ஆட்சேபணை இல்ல அண்ணாச்சி. ஒரே சட்டியில திங்கக் கூடாது, அம்புட்டுதான்."

வடக்குச் சுவரோரம் அவள் அடுப்பு, தெற்குச் சுவரோரம் அவர் அடுப்பு. தனி அரிசி, தனிப் புளி, தனி எண்ணெய். மீன்காரியிடம் ஆளுக்கு நாலு சாளை தனித்தனியாக வாங்கினார்கள். எதிர்த்த கடை சிவனணைந்தபெருமாளுக்கு விஷயம் ரொம்பப் பிடித்துப்போனது.

"என்னவே உச்சிமாகாளி, கடுகு வேற தனித்தனியா? பொடைச்சு எண்ணிப் பிரிச்சியளோ?"

"ஒமக்கு யாவாரம் ரெண்டு பங்கு ஆயிருக்குல்லா? வாய மூடிக்கிட்டுக் கட்டும்வே."

முதல் வாரம் அவர் சமையலைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். நிறம் தெரியாதவருக்கு மஞ்சளும் மிளகாயும் ஒரே சாம்பல். வெங்காயம் வதங்கியதா கருகியதா என்பது கையில் சுட்ட பிறகுதான் தெரியும். அவர் வைத்த முதல் குழம்பை ஒரு வாய் கொத்திய காக்கா, மூன்று நாள் அந்தத் தெருவுக்கு வராமல் இருந்துவிட்டு, நாலாம் நாள் வந்து சோற்றை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. பிரம்மசக்தி வடக்குச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தன் கஞ்சியைக் குடித்தாள். முதுகுக்குப் பின்னால் அவர் கை சுட்டுக்கொள்வதும் ஊதிக்கொள்வதும் கேட்கும். திரும்பிப் போய்க் கரண்டியை வாங்கினால் கண் போய்விடும். அவள் திரும்பவில்லை.

இரண்டாம் மாதம் அவருக்குக் கை பழகிவிட்டது. மணத்தை வைத்தே பதம் பார்க்கக் கற்றுக்கொண்டார். காலையில் அவள் வேலைக்குக் கிளம்பும் முன்னே குழம்பு கொதித்துவிடும். இறக்குவதற்கு முன்னால், "ஏட்டி, செத்த உப்பு பாரு" என்பார். அவள் தலை வாரிக்கொண்டே உள்ளங்கையை நீட்டுவாள். கரண்டி நுனியிலிருந்து ஒரு சொட்டு. "ஒரு கல்லு போடுங்க" என்பாள், இல்லை "போதும்" என்பாள். பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள்.

அவளிடம் யாரும் கேட்காதது ஒன்று உண்டு. அவருக்குப் பார்வை இருக்கிற நேரமெல்லாம் அவள் ஆலையில் இருந்தாள். அவள் வீடு வந்து சேரும்போது மணி ஆறரை. அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வாசலில் எந்தக் காலடி கேட்டாலும், "சக்தியா?" என்பார். மீன்காரி போனாலும் "சக்தியா?" தபால்காரர் போனாலும் "சக்தியா?" பழைய பதினோரு வருடமும் அந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் அவள் வீட்டுக்குள் நுழைந்திருக்கிறாள். இப்போது சம்பளம் வாங்கிக்கொண்டு கேட்கிறாள்.

எண்பத்தொன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஜெபமணி வந்தாள். மோப்பப்பெட்டியில் மஞ்சள் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

"என்னக்கா இது? நாளைக்கு ஒரு நாள்தான் பாக்கி. ரெண்டு பேரு மூச்சுலயும் ஒரே கொழம்புன்னு சொல்லுது."

"அது பொய் சொல்லுதும்மா. அவிய கொழம்ப நான் ஒரு பருக்கையில ஊத்திக்கூடப் பாத்ததில்ல."

"அவரு ஒங்க சோத்துல?"

"நான் யாருன்னு நெனச்ச?" என்று உச்சிமாகாளிக்குக் கோபம் வந்தது. "பசிச்சாப் பட்டினி கெடப்பேனே ஒழிய அவ கஞ்சிய மோந்துகூடப் பாக்க மாட்டேன்."

ஜெபமணி தன் கையிலிருந்த தொடுதிரைப் பலகையில் எதையோ தேடினாள். வரிசையாகக் கேட்க வேண்டிய கேள்விகள் அதில் இருந்தன போலும். "தண்ணி?" தனி. "ஊறுகா?" தனி. "மாத்திரை?" தனி. கடைசியில், தானே எதையோ நினைத்துக்கொண்ட மாதிரி நிமிர்ந்தாள்.

"அண்ணாச்சி சமைக்கும்போது உப்பு யாரு பாப்பா?"

"நாந்தான்" என்றாள் பிரம்மசக்தி. "அவருக்கு எங்க உப்பு தெரியும்?"

சொன்ன பிறகும் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஜெபமணியின் முகத்தைப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

"ஏம்மா, உப்புப் பாக்குறதெல்லாமா திங்கிறது? உள்ளங்கையில ஒரு சொட்டும்மா. விரதத்தன்னைக்குக்கூட உப்புப் பாத்துட்டுத்தான எறக்குவோம்?"

"ஒரு சொட்டா இருந்தாலும் ஒரே சட்டியக்கா."

"என் வேலையே அதுதான? ஆலையில நாளைக்கு நூறு தம்ளரு பாக்கேன். அந்த நூறு தம்ளருகாரனும் என் குடும்பமா?"

"அப்ப கூலி வாங்கிக்கிட்டு உப்புப் பாத்தேன்னு எழுதித் தாங்க" என்று ஜெபமணி ஆசையோடு ஆரம்பித்து, உடனே தானே தலையை ஆட்டிக்கொண்டாள். "வேண்டாம். அப்படின்னா அது ஒங்களுக்கு ரெண்டாவது வேலை. அண்ணாச்சிக்கும் கூலி குடுக்க வசதி இருக்குன்னு ஆயிரும்."

சட்டம் எவ்வளவு கச்சிதமாகத் தைக்கப்பட்டிருக்கிறது என்று மூன்று பேரும் கொஞ்ச நேரம் வியந்துகொண்டிருந்தார்கள்.

"இன்னொரு தொண்ணூறு நாள் தருவாங்களா?"

"பிரிஞ்சு காட்ட ஒரு தடவதான் வாய்ப்பு. நாளைக்கு ஒங்க வேலை நெரந்தரமாகுது. நாளைக்கே கண்ணு மூடிரும்." ஜெபமணி குரலைத் தாழ்த்தினாள். "ஒங்க கலியாணத்தப் பதிஞ்சியளாக்கா?"

"முப்பது வருசத்துக்கு முந்தி யாரு பதிஞ்சா? சுடலமாடன் கோயில்ல மால மாத்துனோம். அளத்து மொதலாளி ஆளுக்கொரு வேட்டி சேல எடுத்துத் தந்தாரு."

"போட்டோ?"

"எடுத்தவன் துட்டு கேட்டான். வாங்கல."

"பிள்ளைங்க?"

"இல்ல."

"நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு ஜெபமணி சட்டென்று தரையைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தபடியே பேசினாள். "பிரிஞ்சோம்னு சொல்லத்தான் தொண்ணூறு நாளு. சேரவே இல்லன்னு சொல்ல ஒரு கைநாட்டுப் போதும். 'தவறுதலாக இணைக்கப்பட்ட நபர்கள்'னு ஒரு படிவம் இருக்கு. அதப் போட்டா ஆரம்பத்துலருந்தே எல்லாப் பதிவும் திருந்திரும். அண்ணாச்சிக்கு நெறம், ராப்பார்வை எல்லாம் வந்துரும். ஆனா ஒரு வீட்டுல இருக்கக் கூடாதுக்கா. பெட்டி இங்கனதான் இருக்கும்."

உச்சிமாகாளி எழுந்தார். "இந்தக் கண்ணத் தோண்டி எடுத்துட்டுப் போம்மா. எனக்கு வேண்டாம். குருடனுக்குப் பொண்டாட்டி உண்டுல்லா? அது போதும்."

"சும்மா இருங்க" என்றாள் பிரம்மசக்தி.

"நீ சும்மா இரிட்டி. முப்பது வருசத்த ஒரு பெருவெரல வச்சு அழிப்பாளாம், இவ அதுக்கு..."

"அந்தப் பதினோரு வருசத்துல நீங்க ஒரு தடவகூடச் சிரிக்கல. ஒங்களுக்குத் தெரியாது. பாத்துக்கிட்டு இருந்தவ நாந்தான?"

அவள் அவருடைய வலது கையைப் பிடித்து, விரலை விரித்து, பெருவிரலை ஜெபமணியின் பலகைமேல் வைத்து அழுத்தினாள். அப்புறம் தன் விரலை வைத்தாள். அவர் நினைத்திருந்தால் கையை இழுத்துக்கொண்டிருக்கலாம். இழுக்கவில்லை. அதை அவள் கவனித்தாள். அவள் கவனித்ததை அவரும் கவனித்தார்.

அடுத்த நொடி உச்சிமாகாளி கண்ணைக் கொட்டினார். வாசலை, செம்பருத்தியை, பிறகு அவளைப் பார்த்தார்.

"பச்சச் சேலையா கெட்டியிருக்க?"

"ம்."

"நல்லா இருக்கு."

ஜெபமணி வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொள்ள ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள்.

பிரம்மசக்தி ஆலைக் குடியிருப்பில் ஓர் அறைக்குப் போனாள். மூட்டை கட்டும்போது எது தன்னுடையது என்று பிரிக்கவேண்டிய சிரமம் இல்லை; தொண்ணூறு நாளாகப் பிரித்துத்தான் இருந்தது. மூன்றாவது வார விடுமுறையன்று முள்ளக்காட்டுக்கு பஸ் ஏறினாள். பெட்டியின் மோப்பம் தெரு பாதி வரைக்கும் எட்டும் என்று ஊரில் பேச்சு. ஆகவே எதிர்ப்பக்கம், சிவனணைந்தபெருமாள் கடையில் நின்று வாழைப்பழம் விலை கேட்டாள். கடையில் புதிதாக நாலு பேர் நின்றிருந்தார்கள்; அவளைத் தெரியாதவர்கள்.

எதிர்வீட்டு வாசலுக்கு உச்சிமாகாளி கரண்டியோடு வந்தார். அவளைப் பார்த்தார். கப்பலில் பல் துலக்குகிறவனின் பல்லையே பார்த்தவர், பத்தடியில் நிற்கிறவளைப் பார்க்காத மாதிரி நின்றார்.

"பெருமாளண்ணாச்சி, செத்த வந்து உப்பு பாரும்."

"எதுக்குவே வம்பு? ஒரு சொட்டு நக்கி நானும் ஒம்ம குடும்பத்துல சேந்துட்டா என் கடைக்கு இருக்குத சலுகையில்லா போயிரும்?" பெருமாள் சிரிக்காமல்தான் சொன்னார். அந்தத் தெருவில் இப்போது யாரும் யார் வீட்டிலும் உப்புப் பார்ப்பதில்லை. மாமியாருக்கு மருமகள் பார்ப்பதில்லை. எல்லோரும் அவரவர் குழம்பை அவரவரே நக்கிப் பார்த்து, சரியாக இருப்பதாக முடிவு செய்துகொண்டார்கள்.

காற்று இந்தப் பக்கம் அடித்தது. வாசத்தில் உப்புத் தெரியாது என்பார்கள், பிரம்மசக்திக்குத் தெரியும். ஒரு கல் குறைகிறது. மோப்பப்பெட்டிக்குக் காது கிடையாது, சொன்னால் ஒன்றும் ஆகாது. சொல்ல வாயெடுத்தாள். யாரோ ஒரு ஆம்பிளையின் வீட்டுக் குழம்பில் இந்தப் பொம்பிளைக்கு என்ன பேச்சு என்று கடையில் நின்ற நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஒரு சீப்புப் பழத்தை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

அரசுப் பதிவேட்டின்படி உச்சிமாகாளி இன்றுவரை திருமணமாகாதவர்; பிரம்மசக்தி என்ற பெயரில் அந்த வீட்டில் எவரும் ஒருநாளும் வசித்ததில்லை.